வாசற்படி தாண்டாத கஞ்சா

என் கணவர் சிகரெட் குடித்ததில்லை. பியர் குடித்ததில்லை. டெப்பனர் என்கிற எங்கள் சின்ன மூலைக் கடையில் இரண்டையும் விற்றாரே தவிர, ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தவரில்லை. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டாமல் கடைக்கு இறங்கமாட்டார். பூசைக்கு எல்லாருக்கும் முதல் போய்க் கோயில் வாசலில் நிற்கிற ஆள். நாங்கள் இருக்கிற கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழ்ச் சனத்துக்குள் இவரைவிட ஒழுங்கான மனிதரைக் கண்டுபிடிக்க ஏலாது என்று நான் மாதா மேல் சத்தியம் செய்வேன். இப்பேர்ப்பட்ட மனிதர்தான் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாய்ப் போய்க் கதைத்துக்கொண்டு திரிந்தார். அந்த வருடங்களில் நான் நிம்மதியாய்ச் சாப்பிட்ட சோறு எவ்வளவு என்று கேட்டால் எனக்கு அழுகைதான் வரும்.

எல்லாம் கடை மூலையில் தொடங்கியது. எங்கள் கடைக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பிடத்தில் இரண்டு மூன்று பேர் எந்நேரமும் நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். என்ன கைமாறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இவர் கல்லாவில் நின்று பார்த்துப் பார்த்துக் கொதிப்பார்.

“இஞ்ச பாரும், நான் ஒரு சிகரெட் பெட்டி விக்கிறதெண்டாலும் கார்ட்டை வாங்கி வயசு பாக்கிறன். பதினெட்டுக்கு ஒரு கிழமை குறைஞ்சாலும் போ எண்டிறன். அங்க நிக்கிறவன் ஆரிட்ட கார்ட் கேக்கிறான்?”

“பொலிசுக்கு அடிச்சுச் சொல்லுங்கோவன்.”

“சொன்னனானே! வந்தாங்கள், வாங்கின பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். வித்தவன் அடுத்தநாளும் நிக்கிறான்.”

அதற்குப் பிறகு இவருடைய கதை இந்த வழியில் போகத் தொடங்கியது. சாராயத்தை எப்படிக் கடைக்குள் வைத்து, லைசென்ஸ் கொடுத்து, வயது பார்த்து விற்கிறார்களோ அப்படியே இதையும் வைக்கவேண்டும். கள்ளச் சந்தைக்காரனின் வாயில் மண் விழவேண்டும். ஒருவன் தன் வீட்டுக்குள் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கிற வேலை அரசாங்கத்துக்கு இல்லை. பிள்ளையைத் திருத்துவது தாய் தகப்பன் வேலை, பொலிஸ் வேலை இல்லை. கேட்டால் நியாயமாய்த்தான் இருக்கும். ஆனால் கஞ்சா என்ற சொல்லை ஒரு தமிழ் மனிதர் வாய்விட்டுச் சொன்னால், அதற்குப் பின்னால் வருகிற நியாயத்தை எந்தச் சனம் நின்று கேட்கும்?

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன மண்டபத்தில் மாதம் ஒருமுறை இதே எண்ணமுள்ள ஆட்கள் கூடினார்கள். நான் முதலில் நீளமுடிக்காரர் பத்துப் பேர் தரையில் இருந்து புகைவிடுவார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் எல்லாரும் கோட் போட்ட, தலை நரைத்த, வரி கூடக் கூடாது என்கிற கொன்சவேட்டிவ் மனிதர்கள். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார வக்கீல்தான் தலைவர். ஒருவருக்கும் அந்தச் சாமானின் மணம்கூடத் தெரியாது போலத்தான் இருந்தது. அங்கே டை கட்டிக்கொண்டு போன ஒரே தமிழன் இவர். ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் கஞ்சாவுக்கான தண்டனையைக் குறைப்பதைப் பற்றிப் பேச்சு அடிபட்ட காலம் அது. குறைப்பது காணாது, கடைக்குள் கொண்டுவந்து கணக்கில் வையுங்கள் என்பதுதான் இவர்களின் கட்சி.

இவர் பேசும்போது எப்போதும் ஒரு வசனத்தோடுதான் தொடங்குவார்: “இது என் நாக்கில் பட்டதில்லை, என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை.” அதைச் சொல்லிவிட்டு ஒருமுறை சபையைச் சுற்றிப் பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு இருந்த பயம் வேறு. யாழ்ப்பாணத்தில், குருநகரில் தனியாக இருந்த இவருடைய அம்மாவை, என் மாமியை, இங்கே கூப்பிட நாங்கள் ஸ்பொன்சர் செய்திருந்தோம். வருடக்கணக்காய் இழுபட்டுக் கொண்டிருந்தது. மாமிக்கு இவர் ஒரே பிள்ளை. நாட்டில் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த நேரம். அந்த நிறுத்தம் எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குள் மாமி வந்து சேரவேண்டும். இந்த நேரத்தில் மகன்காரன் கஞ்சாவுக்கு ஆதரவு என்று எந்த அதிகாரியின் காதிலாவது விழுந்தால்?

“இஞ்சேருங்கோ, மாமி வந்து சேருமட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்.”

“நான் களவோ செய்யிறன்? சட்டத்தை மாத்தச் சொல்லிக் கேக்கிறது சட்டத்துக்குள்ளதான் இருக்கு. நீர் எல்லாத்துக்கும் பயம்.”

ஓம், எனக்கு எல்லாத்துக்கும் பயம்தான். தபால்காரன் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். நான் என்ன செய்ய?

அந்த வருடக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் இவருக்கு நன்றியுரை கொடுத்தார்கள். கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் பாலன் குடில் கட்டி, பிள்ளைகளின் நாடகம், பாட்டு எல்லாம் முடிந்து, சனம் கொத்துரொட்டிக்கு எழும்புகிற நேரம். இவர் மைக்கைப் பிடித்தார். ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, தேநீர் ஊற்றிய பெண்களுக்கு நன்றி, பங்குச் சுவாமிக்கு நன்றி. பிறகு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

“எங்கட பிள்ளையளைப் பற்றி ஒரு வார்த்தை,” என்று தொடங்கியவர் நேரே கஞ்சாவுக்குப் போய்விட்டார். நாக்கில் பட்டதில்லை, வாசற்படி தாண்டியதில்லை, எல்லாம் வந்தது. “கோயிலுக்குள்ள நிண்டு சொல்லுறன்,” என்று ஒரு புது வாலும் முளைத்திருந்தது. வீடியோக்காரர் கமராவை இவர் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அந்த வீடியோவை வீட்டுக்கு ஒன்றாய் வாங்குவது எங்கள் சனத்தின் வழக்கம். வாங்கினதோடு விடமாட்டார்கள்; டொரொண்டோ, பாரிஸ், லண்டன் என்று கொப்பி அடித்து அனுப்புவார்கள்.

“மானத்தைக் கப்பலேத்திப் போட்டியள்!” என்று வீடு வரும்வரை அழுதேன். அடுத்த ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். சுவாமி மட்டும் சிரித்துக்கொண்டே, “நன்றியுரை கொஞ்சம் நீண்டு போச்சு, என்ன?” என்றார்.

நல்ல காலம், அது எந்த அதிகாரியின் காதுக்கும் போகவில்லை. அடுத்த வசந்தத்தில் மாமிக்கு விசா வந்தது. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, இனியாவது நிம்மதியாய் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். விட்டேனா?

மாமி புறப்படுகிற நாள், நான் கடையில் தனியாக நின்றேன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்த வீட்டிலிருந்து மாமி தொலைபேசி எடுத்தார். இவர் பால் பெட்டிகள் எடுக்கப் போயிருந்தார்.

“பிள்ளை, எல்லாம் கட்டியாச்சு. கருவாடு, ஒடியல் மா, அவன்ர லேகியம் எல்லாம் வைச்சிட்டன்.”

லேகியம் எங்கள் வீட்டில் புதிதல்ல. இவருக்கு வாய்வுக் குணம்; சாப்பிட்டால் நெஞ்சடைக்கும், நித்திரை வராது. குருநகருக்குக் கிட்ட ஒரு நாட்டுவைத்தியப் பரியாரியார் கிண்டித் தருகிற கறுப்பு லேகியம்தான் கேட்கும். ஊரிலிருந்து ஆர் வந்தாலும் மாமி ஒரு பழைய ஜாம் போத்தலில் போட்டுக் கொடுத்தனுப்புவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெல்லிக்காயளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டு இவர் படுத்தால், விடிந்துதான் எழும்புவார். ஃப்ரிஜ்ஜில் மாசித்தூளுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு இடம் இருந்தது.

“இந்த முறை பெரிய பாடு, பிள்ளை,” என்றார் மாமி. “பரியாரியாருக்குக் கஞ்சா இலை கிடைக்கேல்லையாம். அது இல்லாமல் கிண்டினால் வேலை செய்யாதெண்டிட்டார். பேந்து எங்கையோ எடுத்துப் போட்டுத் தந்தவர். அதுதான் போத்தல் நிறையக் கொண்டுவாறன்.”

“என்ன இலை மாமி? மாமி! என்ன இலை?”

தொலைபேசிக் கார்ட் முடிந்து லைன் வெட்டுப்பட்டது.

நான் திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை, விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார்கள். ஒரு வாடிக்கையாளர் சீட்டிழுப்பு டிக்கெட் கேட்டார். நான் அவருக்குப் பாண் எடுத்துக் கொடுத்தேன். கடவுளே, அந்த மனுசி போத்தல் நிறையக் கஞ்சாவைக் கட்டிக்கொண்டு, முதல் முதலாய் நிரந்தரமாய் இருக்க வருகிற நாட்டுக்குள் கால்வைக்கப் போகிறார். பிடித்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால், திரும்பப் போய்த் தனியாக அந்த வீட்டில். சண்டை தொடங்கினால் செத்தாரா இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியவராது.

இவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நேரே சுங்க அதிகாரியிடம் போய், டையைச் சரிசெய்துகொண்டு, “சேர், என்ட அம்மாவின்ர பெட்டிக்குள்ள இப்பிடி ஒண்டு இருக்கு” என்று சொல்லிவிடுவார். உண்மை சொன்னால் ஒன்றும் நடக்காது என்று நம்புகிற ஆளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசில்லை.

மறுநாள் டோர்வல் விமான நிலையத்தில் நின்றோம். லண்டன் விமானத்துச் சனம் எல்லாம் வந்து, கட்டிப்பிடித்து, போய் முடிந்துவிட்டது. மாமியைக் காணவில்லை. புதிதாய் வருகிற ஆட்களைத் தனி அறையில் இருத்திப் பதிவார்கள், நேரமாகும் என்று இவர் ஆறுதலாய் நின்றார். நான் சுவரில் சாய்ந்தேன்.

“என்ன, முகம் வெளிறிப் போச்சு? நேற்றிலயிருந்து ஒரு மாதிரித்தான் இருக்கிறீர்.”

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. சொல்லிவிட்டேன்.

“லேகியத்திலயோ? பேய்க்கதை கதையாதையும்!”

“மாமிதான் சொன்னவ. தன்ர வாயால சொன்னவ.”

இவருடைய கை மெல்ல நெஞ்சுக்குப் போய், அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கியது. “அப்ப நான்... இவ்வளவு காலமும்...” என்றார். வேறு நேரமென்றால் நான் சிரித்திருப்பேன். பிறகு அவர் நிமிர்ந்து, அந்தக் கதவைப் பார்த்தார். பெல்ட்டைச் சரிசெய்தார். ஒரு அடி வைத்தார்.

நான் பாய்ந்து டையைப் பிடித்தேன். “எங்க போறியள்?”

“சொல்லத்தான் வேணும். மருந்தெண்டு விளங்கப்படுத்தலாம். மறைச்சால்தான் பிழை.”

“பெத்த தாயைத் திருப்பிக் கொண்டுபோய் அந்த நாட்டில போடப் போறியளோ? போடுங்கோ! நான் வீட்டுக்குப் போறன்.” பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் டையை விடவில்லை. என் வாழ்க்கையில் அந்த மனிதரை ஒரு விசயத்தில் தடுத்தேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. வண்டிலைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். முகத்தில் கடும் கோபம்.

“கள்ளர்! என்ட கருவாட்டை எடுத்துப்போட்டாங்கள்!”

இவர் தாயைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் கேட்டார்: “லேகியம்?”

“அதைத் திறந்து மணந்து பாத்தவன். என்னெண்டு கேட்டான். நான் வயித்தைத் தடவிக் காட்டி, நல்லா ‘ஏவ்’ எண்டு ஒரு ஏவறை விட்டுக் காட்டினன். சிரிச்சுப்போட்டு மூடித் தந்திட்டான். அவன் நல்ல பிள்ளை. மற்றவன்தான் கருவாடு எடுத்தவன்.”

காரில் மாமி முன்னால் இருந்து மடியில் போத்தலை வைத்துக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலையில் ஒரு பொலிஸ் கார் எங்களுக்குப் பக்கமாய்க் கொஞ்சத் தூரம் வந்தது. இவர் அன்று கார் ஓட்டிய வேகத்துக்கு எங்களை சைக்கிள்காரன்கூட முந்தியிருப்பான். வீட்டுக்கு வந்ததும் போத்தலை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குள் போய், முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டார்.

“ஏன்ரா மருந்தைக் கொட்டினனி?” மாமி பதறிப்போனார்.

“பழுதாப் போச்சுது, அம்மா.”

என் கணவர் தாயிடம் பொய் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதோடு அவருடைய நித்திரையும் போனது. கூட்டமும் நின்றது. வக்கீல் தொலைபேசி எடுத்தால், கடையில் வேலை, அடுத்த மாதம் வாறேன் என்பார். இந்த மனிதர் வாயை மூடவேண்டும் என்று நான் எத்தனை நேர்த்தி வைத்திருப்பேன்! மூடியபிறகு எனக்கு அது பிடிக்கவேயில்லை. அந்த வசனத்தை இனி அவர் சொன்னால் பொய். உண்மையைச் சொன்னால் தாய் மாட்டுப்படுவார். கல்லாவுக்குப் பின்னால் நின்று பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

மாமிக்குக் கடை பிடித்துக்கொண்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து, வருகிற எல்லாருக்கும் “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்லுவார். பயம் என்ற சாமானே அந்த மனுசியிடம் இல்லை. குண்டு விழுந்த காலத்திலும் கோழிக்குத் தீன் போட்டுவிட்டுத்தான் பங்கருக்குள் போனவராம்.

ஒருநாள் பின்னேரம், மகன் பேசின ஒளிவிழாவைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாய்க் கேட்டார். நான் ஏதேதோ சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். “போடு பிள்ளை, என்ட பிள்ளை கதைக்கிறதைப் பாக்கிறதுக்கும் விசா வேணுமோ?” என்றார். போட்டேன். தேநீர்ப் பெண்களுக்கு நன்றி சொல்கிற இடத்தில் பெருமையாய்ச் சிரித்தார். பிறகு அந்தச் செருமல். நாக்கில் பட்டதில்லை. வாசற்படியைத் தாண்டியதில்லை. கோயிலுக்குள் நின்று சொல்கிறேன்.

“நிப்பாட்டு, பிள்ளை.”

நிறுத்தினேன்.

“இவனுக்குத் தெரியாதோ? லேகியத்தில என்ன போடுறதெண்டு தெரியாதோ? தெரிஞ்சுதான் சாப்பிடுறானெண்டெல்லோ நான் இருந்தனான்!”

“தெரியாது, மாமி. நீங்கள் வந்த அண்டைக்குத்தான் தெரியும்.”

“கோயிலுக்குள்ள வைச்சு என்ட பிள்ளையைப் பொய்க்காரனாக்கிப் போட்டன்,” என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். “இஞ்ச அதுக்குப் பிடிப்பினமோ? என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?”

இல்லை மாமி என்று நான் சொல்லியிருக்கலாம். என் முகம் ஒரு சதத்துக்கும் உதவாத முகம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியில் தெரியும். மாமி அதைப் பார்த்துவிட்டார்.

அன்றோடு என்னுடைய பயம் அவருக்கும் தொற்றிவிட்டது. நாட்டில் திரும்பச் சண்டை தொடங்கி, பாதையும் பூட்டுப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற செய்தி எல்லாம் பசியும் சாவும்தான். கோப்பி வாங்க வழக்கமாய் வருகிற இரண்டு பொலிஸ்காரர்கள் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினால் போதும், மாமியின் கதிரை வெறுமையாகிவிடும். வீட்டிலென்றால் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார்.

ஒருநாள் பொலிஸ்காரர் போனபிறகும் மாமியைக் காணவில்லை. இவர்தான் தேடிப்போனார், பின்னால் நானும் போனேன். பியர் வைக்கிற குளிர் அறைக்குள், பெட்டிகளுக்கு நடுவில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மாமி இருந்தார். கையில் செபமாலை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

“வெளியில வாங்கோ, அம்மா. அவை கோப்பி குடிக்க வந்தவை.”

“என்னைக் கேட்டவையோ?”

இவர் தன் கோட்டைக் கழற்றித் தாய்க்குப் போர்த்தி, கையைப் பிடித்து வெளியில் கூட்டிவந்தார். அவர் அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு இவர் டை கட்டினார். “நீரும் வாரும்,” என்றார். இந்த மனிதர் உண்மையைச் சொல்லித் தொலைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வாகனத்துக்குள் கெஞ்சினேன். “நான் பொய்யும் சொல்லமாட்டன், அம்மாவையும் காட்டிக்குடுக்கமாட்டன்,” என்றார். இரண்டும் எப்படி ஒன்றாய் நடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூடச் சனம். இவர் எழும்பினார், தொண்டையைச் செருமினார். வழக்கமான வசனத்துக்காக வக்கீல் தலையாட்டத் தயாராய் இருந்தார். வசனம் வரவில்லை.

“என் வீட்டில் ஒருவர் இருக்கிறார்,” என்றார் ஆங்கிலத்தில். “யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர். தினமும் செபமாலை சொல்பவர். பொலிஸ் கார் ஒன்று நின்றால் ஒளிந்துகொள்கிறார். இந்தச் சட்டம் என் கடை மூலையில் நிற்கிறவனைப் பயப்படுத்தியதை நான் இன்னும் காணவில்லை. அவரைப் பயப்படுத்தியிருக்கிறது. ஏன் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.”

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வேறு யாரை நினைப்பார்கள்? நான்தானே பக்கத்தில் நடுங்கிக்கொண்டு இருந்தேன். இல்லை, நானில்லை என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பதாய் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் முடிந்ததும் வக்கீல் வந்து என் கையைப் பிடித்து, பயப்படவேண்டாம் அம்மா, நாங்கள் இருக்கிறோம் என்றார். நான் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமி சாப்பிடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கதைச்சவன்? என்னைப் பற்றி ஏதும் வாய் விட்டவனோ?”

“இல்லை மாமி. என்னைப் பற்றித்தான் கதைச்சவர்.”

மாமி என் முகத்தை வடிவாய்ப் பார்த்தார். “அப்ப சரி,” என்று எழும்பி, எனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துச் சோறு போட்டார். போட்டுவிட்டு, சாப்பிட இருக்கமுதல், ஜன்னலடிக்குப் போய்த் திரையை இழுத்து மூடினார்.